வாப்பா ஏன் அழுகிறார்?

கேள்வி: வாப்பாவுக்கு பைபாஸ் செய்து ஐந்து வாரம். காயம் ஆறிவிட்டது. ஆனால் திடீர் திடீரென்று அழுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு மகள், தில்லையடி

பதில்: இது ஈமான் குறைவல்ல, மகளே. பைபாஸ் செய்த பலருக்கும் முதல் வாரங்களில் மனம் இப்படி உடையும், பெரும்பாலும் தெளிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் இதையும் வாய் திறந்து சொல்லுங்கள். இதற்கும் சிகிச்சை உண்டு. ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

உங்கள் ஊரில் அவர் வயதுக்காரர் பலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வெறுங்கையோடு வந்தவர்கள். குடும்பத்தைச் சுமந்த மனிதருக்கு, தண்ணீர்ப் போத்தலைக்கூட மகள் திறந்து கொடுப்பது தாங்காது.

தோல் ஆறினாலும், கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். எனக்குக் கவலை சுஜூதுதான்: கைகளை ஊன்றி எழும்போது பாரமெல்லாம் அந்த எலும்பில் இறங்கும். இப்போதைக்குக் கதிரையில் இருந்து தொழட்டும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைக்கட்டும். காய்ச்சலோ, காயத்தில் நீர்க்கசிவோ, எலும்பில் ‘கடக்’ என்ற சத்தமோ இருந்தால் தாமதிக்காதீர்கள்.

வைத்தியர் தடுக்கவில்லை என்றால், அஸருக்குப் பிறகு வெயில் தாழ அவரோடு பத்து நிமிடம் நடங்கள். அவராகப் பேசும்வரை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம்.