எந்த மட்டையை வாங்கலாம்?

பல மாதம் உண்டியலில் சேர்த்த பணத்துடன் விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைகிறீர்கள். சுவர் நிறைய இறகுப்பந்து மட்டைகள்! தொலைக்காட்சியில் பார்த்த வெற்றி வீரரின் மட்டையும் அங்கே தொங்குகிறது. அதை வாங்கினால் அவரைப் போலவே அடிக்கலாம் என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். புதிதாக ஆடத் தொடங்கும் கைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. காரணத்தை நீங்கள் படிக்கும் இயற்பியலே சொல்லும்.

எடை எங்கே இருக்கிறது?

மட்டையின் நீளம் 680 மில்லிமீட்டரையும், அகலம் 230 மில்லிமீட்டரையும் மிஞ்சக்கூடாது என்பது ஆட்ட விதி. எடைக்கு இப்படி வரம்பு இல்லை. கார்பன் இழை மட்டைகளில் 3யு, 4யு என்று குறித்திருப்பார்கள். 3யு என்றால் 85 முதல் 89 கிராம்; 4யு என்றால் 80 முதல் 84 கிராம். எண் கூடினால் எடை குறையும். உருக்கு, அலுமினிய மட்டைகளில் சில 100 கிராமையும் தாண்டும்.

பத்து கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. அளவுகோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து 5 செ.மீ. தொலைவில் சில நாணயங்களை ஒட்டி, அளவுகோலை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பிறகு அதே நாணயங்களை 25 செ.மீ. தொலைவில் ஒட்டி ஆட்டுங்கள். இப்போது கை திணறுகிறது அல்லவா? நாணயங்களின் எடை மாறவில்லை. கையிலிருந்து அவற்றின் தொலைவு 5 மடங்காயிற்று. சுழற்சிக்கு அவை தரும் தடையோ 25 மடங்காயிற்று. இத்தடையையே நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம்.

ஆகவே கடையில் மட்டையைச் சுட்டுவிரல் மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடிமுனையிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 285 முதல் 295 மி.மீ. தொலைவில் இருந்தால் அது நடுத்தர மட்டை. உங்களுக்கு ஏற்றது அதுவே. 300 மி.மீ.க்கு மேல் போனால் தலைப்பக்கம் கனத்த மட்டை. பழகிய வீரர் அதைக்கொண்டு பலமாக அடிப்பார். புதியவருக்கோ மணிக்கட்டும் தோளும் விரைவில் களைத்துவிடும்.

நரம்பு இறுகினால் நல்லதா?

நரம்பு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஓரளவு தளர்ந்த நரம்பு பந்து படும்போது அதிகம் வளைந்து ஆற்றலைச் சேமித்து, உடனே திருப்பித் தருகிறது. நடுவில் படாத அடியையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. மிக இறுகிய நரம்பில் தவறிய அடியின் அதிர்ச்சி முழங்கை வரை ஏறும். தொடக்கத்திற்கு 20 முதல் 23 பவுண்டு இழுவிசை போதும். 22 பவுண்டு என்பது நரம்பின் நுனியில் 10 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் இழுவிசை.

இன்னும் சில சோதனைகள்

தண்டு சிறிது வளைந்து கொடுக்கட்டும். மெதுவாக வீசும் கைக்கு அது துணை செய்யும். தலையும் தண்டும் சேரும் மூட்டை மெல்லத் திருகிப் பாருங்கள். ஆடினாலோ ஓசை வந்தாலோ வேண்டாம். கைப்பிடி சற்று மெல்லியதாக இருக்கட்டும். மெல்லிய பிடிமேல் நாடா சுற்றித் தடிமனாக்கலாம். தடித்த பிடியை இளைக்கச் செய்வது கடினம்.

பணக் கணக்கு

விலை உயர்ந்த மட்டைகள் பல நரம்பு கட்டாமலே விற்பனைக்கு வருகின்றன. நரம்புக்கும் அதைக் கட்டும் கூலிக்கும் தனியே கொடுக்க வேண்டும். நரம்பு கட்டிய எளிய மட்டையை வாங்கி, மிச்சப் பணத்தில் நைலான் பந்துகள் வாங்குங்கள். இறகால் ஆனவற்றைவிட அவை நீண்ட நாள் உழைக்கும். பந்து இல்லாமல் மட்டை மட்டும் இருந்து என்ன பயன்?

நண்பர்களின் மட்டைகளை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் விரல்மேல் நிறுத்தி அளந்து ஓர் அட்டவணை போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாலும் 20 முறை அடித்துப் பாருங்கள். உங்கள் கைக்கு எது இசைகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அதன் பிறகு கடைக்குப் போங்கள். விலைச் சீட்டைக் கடைசியாகப் பார்த்தால் போதும்!