மூக்கில் அடைப்பு, காதில் மந்தம்

ஆசிரியை பெயர் சொல்லி அழைக்கிறார், பிள்ளை திரும்பவில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறது. கவனயீனம் என்று நாம் ஏசுகிறோம். ஆனால் அப்பிள்ளையின் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம்.

செவிப்பறைக்குப் பின்னாலுள்ள நடுச்செவி, காற்று நிறைந்த சிறு அறை. அதனை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது யூஸ்டேக்கியன் குழாய். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். குழாயின் வாய் அடைபட்டால், உள்ளிருக்கும் காற்றைச் சுற்றியுள்ள இழையங்கள் உறிஞ்சிவிடும். அமுக்கம் குறைந்து நீர் கசியும். நீர் தேங்கினால் செவிப்பறையும் அதனோடுள்ள 3 சிற்றென்புகளும் நன்றாக அதிரமாட்டா. பெரும்பாலும் வலி இராது; கேட்டல் மட்டும் மங்கும்.

சிறுவரில் இவ்வாறு அடைப்பவை பெரும்பாலும் தடிமனும் பருத்த அடினொயிட் சதையுமே. அரிதாகக் கட்டியும் காரணமாகலாம். அஞ்சியோபைப்ரோமா என்னும் கட்டி, கட்டிளமைப் பருவ ஆண்பிள்ளைகளிலேயே பெரிதும் தோன்றும். இது புற்றுநோயன்று, எனினும் அருகிலுள்ள என்பை அரித்து வளரும். குருதிக்கலன்கள் நிறைந்தது என்பதால் துண்டு வெட்டிப் பரிசோதிப்பதை வைத்தியர்கள் தவிர்ப்பர். ஸ்கேன் மூலம் அறிந்து, சத்திரசிகிச்சையால் அகற்றுவர்.

ஆகவே மகனுக்கோ தம்பிக்கோ ஒரு பக்க மூக்கடைப்பு நீடித்து, அடிக்கடி மூக்கால் இரத்தம் வடிந்து, காதும் மந்தமானால், காதுக்கு மட்டும் மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டாம். காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

பிள்ளையை ஏசுமுன் அதன் காதைச் சோதிப்போம்.