எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்?

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' படித்தேன். நண்பர்களிடம் சொல்லப் போனால் கதைச்சுருக்கத்தைத் தாண்டி வார்த்தை வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– வாசகர், கருமத்தம்பட்டி

கதையை விடுங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு யோசித்தீர்களோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு அது, கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்பது. நாவல் வந்தது 1942இல். பாகப்பிரிவினைப் பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லையே! இதைச் சொன்னாலே கேட்பவர் தன் வீட்டுக் கதையை எடுத்துவிடுவார்.

அப்புறம், உரையாடலில் நாலு வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நம் கொங்குப் பேச்சு அச்சில் இருப்பதைக் கேட்டதும் முகம் மலரும், பாருங்கள். பிடிக்காத இடம் இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அதுவும் கருத்துதான்.