டிஜிட்டல் படங்கள்: பார்க்க, திருத்த, காட்ட - சில கேள்விகளும் பதில்களும்

செல்போன் வந்த பிறகு போட்டோ எடுப்பது எளிதாகிவிட்டது. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் சந்தேகங்கள் தொடங்குகின்றன. ஓர் உதாரணத்துடன் பார்ப்போம். தர்மபுரி மாவட்டத்தில் வட்டெழுத்து பொறித்த பழைய நடுகற்கள் பல உள்ளன. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கல்லில் எழுத்துகள் மெல்லத் தேய்ந்து வருகின்றன. நாளை ஒரு வரி மறைந்துவிட்டால், இன்று எடுத்த படம்தான் சாட்சி. அப்படி ஒரு கல்லை நீங்கள் படம் எடுத்து வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி: படம் 12 மெகாபிக்சல் என்கிறார்கள். பைலோ 4 எம்பிதான் காட்டுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. மெகாபிக்சல் என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. 4000×3000 படத்தில் 1.2 கோடி புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைட் வீதம் அப்படியே சேமித்தால் சுமார் 36 எம்பி ஆகும். ஜேபெக் முறை அதைச் சுருக்கி வைப்பதால்தான் பைல் சிறியதாக இருக்கிறது.

கேள்வி: ஐபோனில் எடுத்த படம் என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லையே?

பதில்: 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற பார்மட்டில் படங்களைச் சேமிக்கின்றன. பழைய விண்டோஸ் அதை அறியாது. பைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் மட்டும் பார்மட் மாறாது. போனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அடுத்து எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும்.

கேள்வி: படத்தைத் திருத்தினால் தரம் குறையுமா?

பதில்: பார்ப்பதாலும் காப்பி செய்வதாலும் குறையாது. ஜேபெக் பைலைத் திருத்தித் திரும்பத் திரும்ப சேவ் செய்யும்போது குறையும். ஜேபெக் முறை படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கமான விவரங்களைக் கழித்துவிடுகிறது. எழுத்துகளின் ஓரங்கள்தான் முதலில் கலங்கும். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் தேய்ந்த எழுத்து தெளிவாகத் தெரியலாம். அதிகம் கூட்டினால் மெல்லிய கோடு மறைந்தும் போகலாம். எனவே திருத்தும் முன் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை அதை பிஎன்ஜி பார்மட்டில் சேவ் செய்யுங்கள். அதில் சுருக்குவதால் இழப்பு ஏற்படாது.

கேள்வி: டிவியில் காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே?

பதில்: இது கோளாறு அல்ல. படத்தின் விகிதம் 4:3, டிவியின் விகிதம் 16:9. 1920×1080 திரையில் உங்கள் படம் 1440×1080 ஆகப் பொருந்தும். பக்கத்துக்கு 240 புள்ளிகள் கறுப்பாக இருக்கும். ஜூம் செய்து பட்டையை நீக்கினால் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். ஸ்ட்ரெட்ச் செய்தால் வீரன் குண்டாகிவிடுவான். பட்டை இருப்பதே நல்லது.

கேள்வி: 6×4 அங்குலப் பிரிண்டில் கடைசி வரி காணாமல் போய்விட்டது. ஏன்?

பதில்: 6×4 என்பது 3:2 விகிதம். 4000×3000 படம் அதில் முழுதாக நிரம்ப வேண்டுமானால், 3000-ல் சுமார் 333 புள்ளிகளை வெட்டியாக வேண்டும். கல்லின் அடியிலுள்ள வரி அதில் போயிருக்கும். கடையில் கொடுக்கும் முன் எந்தப் பகுதி வேண்டும் என்று நீங்களே காப்பியில் க்ராப் செய்துவிடுங்கள். எதையும் வெட்டக் கூடாது என்றால், வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800×1200 இருந்தாலே இந்த அளவுக்குப் போதும்.

கேள்வி: கல்வெட்டு படிக்கத் தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுத்து தெரியவில்லை என்கிறாரே?

பதில்: போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் இணைத்து அனுப்பினால் பைல் அப்படியே போய்ச் சேரும்.

இன்றே கம்ப்யூட்டரில் 'ஒரிஜினல்', 'வேலை' என்று இரண்டு போல்டர்கள் உருவாக்குங்கள். கேமராவிலிருந்து வந்த படம் முதல் போல்டரில் தொடப்படாமல் இருக்கட்டும். அதன் காப்பி ஒன்று பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கட்டும். வெட்டுவது, திருத்துவது எல்லாம் இரண்டாவது போல்டரில்தான். கல்லில் தேய்ந்த எழுத்தைத் திரும்பப் பொறிக்க முடியாது. ஒரிஜினல் மேல் சேவ் செய்துவிட்டால் படத்துக்கும் அதே கதிதான்.