பாராசூட்டைக் காலையில் மடி

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் தரையில் பரப்பி எடுத்த படத்தையும் பார்த்தேன். போன மாதம்தான் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் படுத்துக் கிடக்கும் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பக்கத்திலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு வந்தாய். இப்போது அதையே நூறில் ஒரு பங்காகக் கட்டப்போகிறாய். நிஜ ராக்கெட் 363 அடி, ஏறத்தாழ 110 மீட்டர். உன் மேசையில் நிற்கப்போவது 110 சென்டிமீட்டர். கிண்டர்கார்ட்டன் போகும் உன் தம்பியின் உயரம் இருக்கும்.

“எந்த மோட்டார் போட்டால் ரொம்ப உயரம் போகும் மாமா?” என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். இந்த மாடலைப் பொறுத்தவரை உயரம் கடைசிக் கேள்வி. மேலே தள்ளுவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அதை ஒரு தொழிற்சாலையில் செய்து அடைத்துத் தந்துவிட்டார்கள். நேராகப் போவதும், உடையாமல் திரும்பி வருவதும் உன் கைவேலையைப் பொறுத்தது.

மோட்டார் ஏன் அப்படி ஆயத்தமாகக் கிடைக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்காவில் உன் வயதுப் பிள்ளைகளுக்கு ராக்கெட் மோகம் பிடித்தது. இரும்புக் குழாயில் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் இடித்து நிரப்பினார்கள். விரல் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர், அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ராக்கெட் வேலையின் பாதுகாப்பு பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். அதைப் படித்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். வாண வேடிக்கையில் பித்து உள்ளவர். அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து 1954-லேயே காகிதக் குழாய், சிறிய மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்து ஒரு ராக்கெட் செய்திருந்தார்கள். அதை அவர் ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கே பிறந்தது. பிறகு வெர்னன் எஸ்டெஸ் என்பவர் மோட்டார்களை ஒரே சீராக அடைத்துத் தள்ள ஓர் இயந்திரம் கட்டினார். அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். உன் பெட்டியின் மேல் இருப்பது அவர் பெயர்தான்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மோட்டாரைப் பிரிக்காதே, குடையாதே, கீழே விழுந்ததைப் பயன்படுத்தாதே. வீட்டில் மருந்து கலக்கும் வீடியோ எதையாவது யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடு.

இனி கட்டும் வேலை. முதல் நாள் பசையைத் தொடாதே. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்திப் பார், கழற்று, மறுபடி பொருத்து. எந்த வளையம் எந்தக் குழாயில் உட்காருகிறது என்று கைக்குத் தெரிந்துவிட வேண்டும். மோட்டார் உட்காரும் கூட்டில் மட்டும் தாராளமாகப் பசை போடு. மோட்டாரின் முழுத் தள்ளலையும் வாங்குவது அந்தக் கூடு. காகிதத்துக்கும் மரத்துக்கும் மரப்பசையே போதும். அவசரப்பட்டு உடனே ஒட்டும் பசையைத் தேடாதே. இரவு முழுக்கக் காய விடு.

உனக்குப் பொறுமை தேவைப்படப்போகும் இடம் அந்த மெல்லிய பிளாஸ்டிக் சுற்றுத் தகடுகள். நிஜ ராக்கெட்டின் உடம்பில் நெளி நெளியாக வரிகள் ஓடுமே, கவனித்திருப்பாய். அந்த நெளிவுதான் இவை. பசை அதிகமானால் பிளாஸ்டிக் சுருங்கி அலை அலையாக எழும்பிவிடும். முதலில் பசையில்லாமல் குழாயைச் சுற்றிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, அதன்பிறகே ஒட்டு. எல்லாத் தகடுகளின் இணைப்பும் ஒரே பக்கமாக வரட்டும். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் முடிந்தது.

கறுப்பு வெள்ளைப் பெயிண்ட்டை அழகுக்காக அடித்தார்கள் என்று நினைத்துவிடாதே. ராக்கெட் தன் அச்சில் உருள்கிறதா என்று தரையிலிருந்து கேமராவில் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கட்டங்கள். அதனால் கோடுகள் நேராக இருக்கட்டும். ஆனால் பெயிண்ட்டை மெல்லிய பூச்சாக அடி. அதற்கும் எடை உண்டு, இந்த வேலையில் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும்.

ஊரில் தாத்தா வீட்டில் இருந்த அந்தத் தீபாவளி நினைவிருக்கிறதா? உன் பெரியப்பா மகன் ராக்கெட் வாணத்தின் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினான். அது மேலே போகாமல் தெருவில் சுழன்று சுழன்று எதிர்வீட்டுத் திண்ணைக்கே போய் நின்றது. அந்த மெல்லிய குச்சி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது யோசி.

பறக்கும் பொருளுக்கு இரண்டு மையங்கள். ஒன்று ஈர்ப்பு மையம். ராக்கெட்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டால் எங்கே சமனாகக் கிடையாக நிற்கிறதோ, அந்த இடம். இன்னொன்று அழுத்த மையம், அதாவது பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் மொத்தத் தள்ளலும் ஓரிடத்தில் படுவதாக வைத்துக்கொண்டால் அந்த இடம். ஈர்ப்பு மையம் மூக்குப் பக்கமும் அழுத்த மையம் வால் பக்கமும் இருந்தால், ராக்கெட் கொஞ்சம் சாய்ந்ததும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும். மாறி இருந்தால் அதே காற்று சாய்வை இன்னும் அதிகமாக்கும், ராக்கெட் குட்டிக்கரணம் போடும். வாணத்தின் குச்சி அழுத்த மையத்தை வெகு தூரம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய் வைக்கிறது. ஒடித்ததும் அது முன்னால் ஓடி வந்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு இடைவெளி வேண்டும் என்பது மாடல் ராக்கெட்காரர்களின் கணக்கு. உன் குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டர், ஆகவே 10 சென்டிமீட்டராவது வேண்டும். அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை 1960-களில் நாசாவில் இருந்த ஜேம்ஸ் பாரோமன் மாடல் ராக்கெட்காரர்களுக்காக எளிமையாக்கிக் கொடுத்தார். இன்று ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைப் போட்டால் அதுவே சொல்லிவிடும். ஆனால் ஒருமுறை கையாலும் போட்டுப் பார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதும்.

நிஜ சாட்டர்னின் வால் இறக்கைகள் எவ்வளவு சின்னவை என்று பார்த்தாய் அல்லவா? அதற்கு அவ்வளவு போதும், ஏனென்றால் கீழே உள்ள ஐந்து எஞ்சின்களில் வெளிப்பக்க நான்கும் திரும்பக் கூடியவை. சாய்ந்தால் மேலே இருக்கும் கணினி கண்டுபிடித்து எஞ்சின்களைத் திருப்பி நேராக்கும். உன் ராக்கெட்டுக்குக் கணினியும் இல்லை, திரும்பும் எஞ்சினும் இல்லை. வடிவத்தை நூறில் ஒன்றாகச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. இதனால்தான் சில ஸ்கேல் மாடல்களில் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இறக்கைகளைச் சேர்க்கிறார்கள், சிலவற்றில் மூக்கினுள் களிமண் வைக்கிறார்கள். எனக்கு இது ஒரு ஏமாற்றாகத் தோன்றியதே இல்லை. தன் நிலைமைக்கு ஏற்றபடி பறக்கக் கற்றுக்கொண்ட ராக்கெட் அது.

உன் கேள்வியின் பாதிக்கு இங்கேயே பதில் வந்துவிட்டது. மோட்டார் உட்காருவது வாலில். பெரிய மோட்டார் என்றால் வால் கனக்கும், ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். ஆகவே சமன் பார்ப்பதானால் மோட்டாரை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதி மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தில் இருக்கிறது. டி12-3 என்று எடுத்துக்கொள். எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும். ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு வரை போகும்: சி என்றால் 10 நியூட்டன்-நொடி வரை, டி 20 வரை, ஈ 40 வரை. 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 3, மருந்து எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் சிறு வெடி வரை ஆகும் நொடிகள்.

உன் ராக்கெட் மோட்டாரோடு 350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 3.4 நியூட்டன். உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கம், அதாவது 17 நியூட்டன். சராசரி 12 போதாது போலிருக்கிறது. ஆனால் டி12 எரியத் தொடங்கிய முதல் அரை நொடிக்குள்ளாகவே 30 நியூட்டன் அளவுக்கு ஓர் உதை உதைத்துவிட்டு, பிறகுதான் தணிகிறது. அந்த உதையில்தான் ராக்கெட் ஏவுகம்பியை விட்டுக் கிளம்புகிறது. கம்பியை விட்ட பிறகு அதைப் பிடித்து வைப்பது காற்று மட்டும்தான், அதற்குள் போதுமான வேகம் வந்திருக்க வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு வாங்கிய 3 மில்லிமீட்டர் கம்பி இந்தக் கனத்துக்கு வளையும். தடித்த, நீளமான கம்பி வாங்கு. காற்றடிக்கும் நாளில் வீட்டிலேயே இரு. பாதுகாப்பு விதி மணிக்கு 20 மைல் காற்று வரை அனுமதிக்கும், ஆனால் மெதுவாக எழும்பும் இந்தக் கனமான ராக்கெட் அந்தக் காற்றில் மூக்கைத் திருப்பிக்கொண்டு வயல் பக்கம் போய்விடும்.

கடைசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான ராக்கெட் சீக்கிரம் களைத்துவிடும். அது உச்சியில் நிற்கும் நொடியில் பாராசூட் விரிய வேண்டும். 7 என்று அச்சிட்ட மோட்டாரைப் போட்டால் அந்த ஏழாவது நொடியில் உன் சாட்டர்ன் தலைகீழாகப் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் விரியும் பாராசூட்டின் கயிறு காகிதக் குழாயை ஜிப்பைப் போலக் கிழித்துவிடும். உனக்கு 3 அல்லது 4.

என் முதல் சாட்டர்னை நான் மூன்று மாதம் கட்டினேன். ஏப்ரல் மாதம், கொலராடோவில் புல்லின் மேல் பனி படிந்திருந்த காலை. எடை, சமன், மோட்டார் எல்லாம் சரியாக இருந்தன. விடிகாலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று முந்தின இரவே பாராசூட்டை மடித்துக் குழாய்க்குள் வைத்துவிட்டேன். ராக்கெட் நிஜ சாட்டர்னைப் போலவே தயங்கித் தயங்கி எழும்பியது. உச்சியில் மூக்கு கழன்றது, பாராசூட் வெளியே வந்தது. ஆனால் அது விரியவில்லை. குளிரில் விறைத்துப்போன பிளாஸ்டிக் மடித்த மடிப்பிலேயே நின்று, ஒரு வெள்ளைக் குச்சியாகக் காற்றில் படபடத்துக்கொண்டே கூட வந்தது. மேல்பாதி முதலில் தரையில் மோதியது. உச்சியில் இருந்த சின்னக் கோபுரத்தின் கால்கள் மூன்று துண்டாகிப் பனியில் கிடந்தன. பொறுக்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இன்னும் என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டியில் இருக்கின்றன.

அதனால் பாராசூட்டை அன்று காலை, மைதானத்தில், ஏவுவதற்குச் சற்றுமுன் மடி. மேலே கொஞ்சம் முகப் பவுடர் தூவு, மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாது. அதற்கும் மோட்டாருக்கும் நடுவே தீப்பிடிக்காத திணிப்புத் தாளைக் கசக்கிப் போடு. குறைந்தால் அந்த வெடிச் சூட்டில் பிளாஸ்டிக் உருகிக் கட்டியாகிவிடும். இறுக்கித் திணித்தாலும் வெளியே வராது. மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனிப் பாராசூட்டில் இறங்கும்படி கட்டு, கனமான கீழ்க்குழாய் வந்து கோபுரத்தில் இடிக்காது.

ஓஹையோ மாநிலத்துக்காரர் ஸ்டீவ் ஈவ்ஸ் இதே சாட்டர்னைப் பத்தில் ஒன்றாகக் கட்டினார். 36 அடி உயரம், 1,648 பவுண்டு, ஒன்பது மோட்டார்கள். 2009 ஏப்ரல் 25 அன்று மேரிலாந்தில் ஒரு வயலிலிருந்து 4,400 அடிக்கு மேல் போய், பாராசூட்டுகளில் தொங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அந்த அளவு மோட்டார்களுக்கு வயதும் சான்றிதழும் வேண்டும், எச் எழுத்தில் தொடங்கி. உன் மோட்டாருக்கு அது தேவையில்லை.

ஆனால் மைதானத்துக்கு அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும், முடிந்தால் ஏதாவது ராக்கெட் குழு ஏவும் நாளில் போ. டி மோட்டாருக்குக் குறைந்தது 15 அடி, அதற்கு மேல் என்றால் 30 அடி தள்ளி நில். மின்சாரக் கம்பி, மரம், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் சாவியைக் கழற்றிவிட்டு ஒரு முழு நிமிடம் அசையாமல் இரு. அந்த ஒரு நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும். தெரியட்டும். மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் அந்த ராக்கெட் இனி உன்னுடையது இல்லை, கம்பு கொண்டு போகாதே.

கோபுரத்தை ஒட்டுவதற்கு முன் எனக்கு இரண்டு எண் எழுதி அனுப்பு: மோட்டாரை உள்ளே வைத்து நிறுத்த எடை, கயிற்றில் தொங்கவிட்டால் மூக்கிலிருந்து எத்தனையாவது சென்டிமீட்டரில் சமனாகிறது. நானும் இங்கே கணக்குப் போட்டுப் பார்த்து, களிமண் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். சமையலறைத் தராசு கேட்டால் அம்மா தரமாட்டேன் என்பாள், மாமா சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா