திரைக்காட்சியும் அழுகையும் வேடமும்

இதிகாச புராணங்கள் ஏட்டிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து கூத்துக்களத்திற்கும், களத்தினின்று திரைக்கும் வந்தமை நெடிய வரலாறு. 1913-இல் வடநாட்டில் வெளிவந்த முதற் பெரும்படம் அரிச்சந்திரன் கதை. அதன்பின் சில்லாண்டுகளிற் சென்னையில் நடராச முதலியார் எடுத்த பேசாப்படம் பாரதத்துக் கீசக வதம். ஆயினும் ஒரு நாடு முழுவதும் ஒரே நாழிகையில் ஒரே காட்சியைக் கண்டு கண்ணீருகுத்தமை, 1987-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள் தூரதர்சனத்தில் இராமானந்த சாகரின் இராமாயணத் தொடர் தொடங்கிய பின்னரே நிகழ்ந்தது. 78 பகுதிகளாக ஞாயிறுதோறுங் காலையில் அது நடந்தது. அடுத்து 1988 முதல் 1990 வரை சோப்ராவின் மகாபாரதம் 94 பகுதிகளாக வந்தது. இந்தி ஒரு சொல்லும் அறியாத நம் அண்ணாமலை வட்டத்து ஊர்களிலும் ஒரு வீட்டுப் பெட்டியின்முன் ஒரு தெருவே கூடியிருந்தது. பெட்டிக்கு மாலையிட்டார்; கர்ப்பூரங் காட்டினார்; இராமனாக நடித்த அருண் கோவிலைக் கண்டவிடத்து அடிவீழ்ந்தார். 2020-இல் நோய்த்தொற்றால் ஊரடங்கிய காலத்து அத்தொடர் மார்ச்சு 28 முதல் மீண்டும் வந்தபோதும் மக்கள் அழுதே கண்டனர்.

இவ்வழுகை யாது? பத்தியா, அன்றி வேறொன்றா? திருமடங்களிலும் சைவ சபைகளிலும் புராண படனம் அருகி, குருபூசை நாளில் படக்காட்சி வைத்தாலென்ன என்னும் வினா எழுந்துவரும் இந்நாளில் இதனை ஆராயாது விடுதல் தக்கதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டு, அவற்றுள் அழுகைக்கு நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு வகுத்தனர். உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருளும், அதனை நுகர்ந்த பொறியுணர்வும், உள்ளத்து நிகழுங் குறிப்பும், அக்குறிப்பாற் கண்ணீர் அரும்பல் மயிர் சிலிர்த்தல் முதலாக உடம்பில் வரும் சத்துவமும் எனப் படிமுறை காட்டினர். ஆகவே, கண்டார்க்குக் கண்ணீர் வருதல் பண்டே அறிந்த முறைமையேயன்றித் திரை புதிதாகப் படைத்த மாயமன்று. கண்ணீர் வந்தமை ஒன்றே கொண்டு அதனைப் பத்தியெனத் துணிதற்கும் இலக்கணம் இடந்தரவில்லை. கூத்தில் வரும் கீசகன் இறத்தற்கும் கண்ணீர் விடுவார் உளர்.

சித்தாந்தம் இதனினும் ஆழச் செல்லும். உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல். மெய்கண்ட தேவர் எட்டாஞ் சூத்திரத்திற் படிகத்தை உவமையாக்கி, பொறிகள் காட்டும் நிறமே தன்னிறமென உயிர் மயங்குதலை விளக்கினர். இருட்டறையில் திரையொன்றே ஒளிர, செவியை இசை பற்ற, ஏனைப் புலன்கள் ஒடுங்க அமர்ந்திருக்கும் ஒருவனுக்கு இவ்வுவமையை வேறு விளக்கவேண்டுவதில்லை. சீதை அழ அவன் அழுகின்றான். விளம்பரம் வரச் சவர்க்காரத்தை நினைக்கின்றான். செம்மலர் அகல வெண்மலர் அணுகப் படிகம் நிறம் மாறியவாறு இது. அவ்வழுகையை எழுப்புவது அராகம் முதலிய தத்துவங்களின் தொழில். ஆதலாற் பாசஞானத்துள் அடங்கும்.

அற்றேல், மணிவாசகர் அழுதமையும் அத்தன்மைத்தோ எனின், அன்று. திரைமுன் அழுவார்க்கு அழுகையின் காரணம் காட்சி முடிய முடிகின்றது. மணிவாசகர்க்குக் காரணமாயினான் இறைவன், அவன் முடிவிலன். நம் அண்ணாமலையில் திருவெம்பாவை அருளிய அப்பெருமான், தாம் அடியார்போல நடித்து வீட்டினுட் புகப் பார்க்கின்றேம் எனத் தம்மையே இழித்துக் கூறியதை ஈண்டு நினைக. நடிப்பென்பதன் உண்மையை அவ்விடத்தினும் நுட்பமாகச் சொன்னாரை யாம் அறியோம். நடிப்பவன் தான் நடிப்பதை அறிந்து நாணுமிடத்தே அருள் புகுகின்றது. காண்பானுக்கோ நாண வேண்டுவது யாதுமில்லை, நாற்காலியில் அமர்ந்திருக்கின்றான்.

இதனாற் கூத்தும் விலக்கென்று கொள்ளற்க. இம்மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களிற் பகலிற் பாரதம் படித்துப் பொருள் சொல்லி, இரவிற் கூத்தாடி, இறுதியிற் படுகளம் நடத்துவர். புரிசை முதலிய ஊர்களிற் கூத்து வழிவழி வருங் கலை. அங்கே காண்பாரிற் பலர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். துகிலுரியுங் காட்சியில் ஆடுவோரும் அம்மைக்குக் கர்ப்பூரங் காட்டி வணங்கிய பின்னரே மேற்செல்லும் வழக்கமுண்டு. மண்ணாற் செய்த துரியோதனன் கிடக்கும் களத்தில் ஊரே நிற்கும். அங்கு அழுகைக்கு முன்னும் பின்னும் விரதமும் வழிபாடும் வேலியாக நிற்கின்றன. எழுந்த உணர்ச்சி சரியை கிரியைகளிற் சென்று படிய வாய்க்கால் உண்டு. திரையில் அவ்வாய்க்காலில்லை. வெள்ளம் வருகின்றது, வற்றுகின்றது.

இனிச் சைவக் கதைகள் திரைக்கு வந்தவழி நேர்ந்த ஒரு திரிபை விரித்துக் காட்டுதும். 1965-இல் ஏ. பி. நாகராசன் எடுத்த திருவிளையாடல் படத்தைக் காணாத சைவர் அரியர். சிவாசி கணேசன் சொக்கேசராக வந்தார். நாகேசு தருமியாக நடித்தார். நக்கீரராக நாகராசனே தோன்றினார். தமிழின் ஓசையை எளியார் செவிக்கும் கொண்டுசேர்த்த நன்மை அப்படத்திற்கு உண்டு. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் பரஞ்சோதி முனிவர் பாடிய தருமியை நோக்குக. அவன் ஆதிசைவ மரபில் வந்த மாணி, தாய் தந்தையரை இழந்தவன், வறியவன். மணம் புரிய விழைந்தது இன்பங் கருதியன்று. இறைவன் பூசைக்கு இல்வாழ்க்கை வேண்டுமென்னும் விதி கருதியே. பொற்கிழி கைக்கு எட்டுமளவிற் பாட்டுக் குற்றமுடையதென அவையிற் புறந்தள்ளப்பட்டு, சந்நிதியில் நின்று அரற்றுகின்றான். இழவு, வறுமை, இளிவு என அழுகைக்கு உரைத்த நான்கனுள் மூன்று அவன்பால் உள. திரையிலோ அதே தருமி நகைக்கு நிலைக்களனாயினன். எள்ளலும் பேதைமையும் அவனுக்கு உரியவாயின. நாகேசின் திறம் பெரிது. அத்திறத்தினாலேயே இன்று தருமி என்றவளவில் தமிழர் சிரிக்கின்றனர். அப்பர் சுவாமிகள் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில் இறைவன் தருமிக்கு அருளியதைப் போற்றியது ஓர் ஏழையின் கண்ணீரை அவன் துடைத்தமை பற்றி. அழுகை நகையாக மாறியவிடத்து அருளின் பெருமையும் குறுகிப்போயிற்று. யாரும் அதனைக் குறையென உணராமையே வியப்பு.

நந்தனார் திறமும் அன்னதே. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் சரிதத்தில் கொடிய வேதியப் பண்ணையார் ஒருவரும் இலர். கோபாலகிருட்டின பாரதியார் கீர்த்தனையில் அவர் புகுந்தார். தண்டபாணி தேசிகர் நடித்த 1942-ஆம் ஆண்டுப் படம் முதலியவற்றால் நிலைபெற்றார். மூலத்தொடு முரணிய அக்கீர்த்தனைக்குப் பாயிரங் கொடுக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முதலில் தயங்கிப் பின் இசைக்கு உருகி அளித்தாரென்ப. இசை புலமையை வென்ற இடம் அது. பிள்ளையவர்கட்கே அங்ஙனமாயின், பெரியபுராணத்தைத் தொட்டறியாத இளைஞரை யாங்ஙனம் குறை கூறுவது!

வேடத்தைப் பற்றியது எஞ்சியது. பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என விதிக்கின்றது. அண்ணாமலைக்குத் தென்பால் அணித்தாகவுள்ள திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார், நூலினுள் வாள் மறைத்து வந்த முத்தநாதனையும் வேடம் பற்றி வணங்கினர். வாளேற்ற பின்னும் அவனை நம்மவன் என்று காத்து, ஊரெல்லை கடத்தி விடுமாறு தத்தனை ஏவினர். வஞ்சகன் வேடத்திற்கே இத்துணை மதிப்பாயின், வஞ்சமில்லாத நடிகன் வேடத்தை வணங்கலாகாதோ என ஒருவர் வினவலாம். நல்ல வினா. விடை இது: நாயனார் வணங்கியது திருநீறும் சடையும் ஆகிய அடையாளத்தை, முத்தநாதன் என்னும் ஆளை அன்று. ஆதலின் திரையில் அப்பர் திருவுருவங் கண்டு கைகூப்புவார்க்குக் குற்றமில்லை. அவ்வணக்கம் அடையாளத்தின் வழியே அப்பரைச் சாரும். நடிகனைத் தெருவிற் கண்டு அவன் அடி வீழ்வது, அடையாளத்திற்கு உரியதை ஆளுக்குக் கொடுப்பதாம். கூத்து முடிய வேடங் களையப்படும். களைந்தபின் நிற்பவன் நம்மை ஒத்த உயிரே. 1991-ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொடரிற் சீதையாக வந்த தீபிகாவும் இராவணனாக வந்த அரவிந்த திரிவேதியும் ஒரே கட்சியில் நின்று ஒரே மக்களவைக்குச் சென்றனர். வாக்களித்தார் யாரை நினைந்து அளித்தனரோ! இராவணனுக்கும் வெற்றி கிடைத்தது பற்றிச் சைவர்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி இருப்பின் இருக்கலாம். கயிலையின்கீழ் நெரிந்து இசை பாடி வாளும் பேரும் பெற்றவனல்லனோ அவன்.

பெட்டிக்குக் கர்ப்பூரங் காட்டுதல் அவ்வாறே கொள்ளத்தக்கதன்று. கல்லும் செம்பும் உருவமே எனின், அவற்றுள் மந்திரத்தால் இறைவனை எழுந்தருளுவித்து நாடோறும் பூசிக்கின்றோம். திரையுருவம் எழுந்தருளுவிக்கப்படுவதுமன்று, நிற்பதுமன்று.

சபைகளிற் படக்காட்சி வைக்க விரும்புவார்க்கு யாம் கூறத்தக்கது சிறிதே. மடத்தினுட் குருபூசைக்கு ஈடாகப் படம் வைத்தல் வேண்டா. வேறொரு நாளில் வைப்பின், முதலில் மூலத்தின் அப்பகுதியை ஓதுவாரோ புலவரோ படித்துப் பொருள் சொல்லுக. பின்னர்ப் படம் நடக்க. அதன்பின் எது மூலத்தது, எது புனைந்தது என இளைஞரே எடுத்துக் கூறுமாறு கேட்க. திருவிளையாடலாயின் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலமும் அடுத்துவரும் கீரனைக் கரையேற்றிய படலமும் போதும். ஓரிரவிற்குள் இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் படித்து முடிக்கலாம். கார்த்திகைப் பெருவிழாவின் ஆறாம் நாளில் அறுபத்துமூவரைத் தோளிற் சுமந்து மாடவீதி வலம் வரும் நம்மூர்ப் பள்ளி மாணவரிடமிருந்தே தொடங்குக. தாம் சுமந்த நாயனார் இன்னாரென்று அவருள் எத்துணைப் பேர் சொல்லவல்லர் என்பதை முதலிற் கேட்டறிக.