பெட்ரோல் வண்டிகளை வாயுவில் ஓட்டுதல்: திருவள்ளூர் ஜில்லாக் குடியானவர்கள் அறிய வேண்டியவை

பயிரை விளைவிப்பதில் எவ்வளவு சிரத்தை வேண்டுமோ, விளைந்த பொருளைக் கெடாமல் சந்தை சேர்ப்பதிலும் அவ்வளவு சிரத்தை வேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் தாலுகாக்களில் பறிக்கப்படும் காய்கறியும் பூவும் பொழுது விடியுமுன் கோயம்பேட்டுச் சந்தையை அடைய வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கிலோமீட்டர் தூரம். இத்தூரத்தை நாள்தோறும் போய்வரும் சிறு வண்டியின் பெட்ரோல் செலவு, விலை மலிந்த காலங்களில் விளைபொருளின் லாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடும். எனவே, பெட்ரோலுக்குப் பதிலாக வாயுவை உபயோகிக்கலாமா, அதனால் உண்மையில் மிச்சம் உண்டா, அபாயம் யாது என்பவற்றை இங்கு ஒழுங்காக ஆராய்வோம்.

பழைய அனுபவம்

வாயுவைக் கொண்டு மோட்டார் வண்டியை ஓட்டுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டில், இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாணத்து பஸ்கள் பல கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, அதில் கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்து, அதனின்று எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தினர். ஸ்வீடன் தேசத்திலும் அவ்வாண்டுகளில் மோட்டார் வண்டிகளுள் பெரும்பகுதி இவ்விதமே ஓடிற்று.

ஆனால் கரிவாயுவில் பாதிக்கு மேற்பட்டது எரியாத நைட்ரஜன். ஆகையால் எஞ்சினின் வலிமை நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை குறைந்தது. உலையை மூட்டி வாயு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. சாம்பலை அடிக்கடி அகற்ற வேண்டியிருந்தது. மணமற்ற அவ்வாயு மூடிய இடத்தில் சேர்ந்தால் உயிருக்கே கேடு. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவுடன் மக்கள் இவ்வுலைகளைக் கைவிட்டனர். எரிபொருள் மலிவாயிருத்தல் மட்டும் போதாது. எஞ்சினுக்கு ஏற்றதாயும், கையாள எளியதாயும், அபாயம் குறைந்ததாயும் இருக்க வேண்டும் என்பது அவ்வனுபவம் தந்த பாடம்.

இக்காலத்து இருவகை வாயுக்கள்

இப்பொழுது வண்டிகளுக்கு உபயோகமாகும் வாயுக்கள் இரண்டு. ஒன்று எல்.பி.ஜி. எனப்படும் திரவ வாயு. இது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலப்பு. மிதமான அழுத்தத்திலேயே திரவமாகி விடுவதால், இலேசான தொட்டியில் அடங்கும். மற்றொன்று சி.என்.ஜி. எனப்படும் அழுத்திய இயற்கை வாயு. இதில் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினும் இது திரவமாகாது; ஆகவே 200 பார் அளவு, அதாவது காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தி, கனத்த சிலிண்டரில் அடைக்கின்றனர்.

திருவள்ளூர் ஜில்லாவுக்கு இயற்கை வாயு அண்மையிலேயே வந்து சேர்ந்தது. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த இறக்குமதி நிலையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறனுடையது அது. சைபருக்குக் கீழ் 162 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டு, அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலில் வரும் மீத்தேன் அங்கே மீண்டும் வாயுவாக்கப்பட்டுக் குழாய்களில் செல்கிறது. சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களில் இவ்வாயுவை விநியோகிக்கும் உரிமை 2018இல் டாரன்ட் காஸ் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு மாத்திரமன்றி, சாலையோர நிலையங்களின் வழியே வண்டிகளுக்கும் வாயு கிடைக்க இதனால் வழியேற்பட்டது.

கருவியின் அமைப்பு

பழைய முறையில், எஞ்சினுக்குச் செல்லும் காற்றுக்குழாயில் ஒரு கலப்பானைப் பொருத்தி, காற்றின் இழுப்பினாலேயே வாயுவை உள்ளே வரச் செய்தனர். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு அது ஒருவாறு பொருந்தும். ஆனால் வாயுவின் அளவு சரிவர நில்லாது. காற்றுக்குழாய்க்குள்ளேயே கலவை தீப்பற்றி ‘பேக்ஃபயர்’ என்னும் வெடிப்பு நேர்வதுமுண்டு.

பெட்ரோலை இஞ்செக்டர் என்னும் பீச்சுமுனையால் தெளிக்கும் இக்கால எஞ்சின்களுக்கு, வாயுவையும் அவ்வாறே பீச்சும் முறை ஏற்பட்டுள்ளது. அதன் வேலையைப் படிப்படியாகக் காண்க. சிலிண்டரிலிருந்து வாயு எஃகுக் குழாய் வழியே ரெடியூசர் என்னும் அழுத்தக் குறைப்பானை அடைகிறது. அங்கே அழுத்தம் தணியும்பொழுது வாயு மிகக் குளிர்ந்துவிடும்; ஆதலால் ரேடியேட்டரின் வெந்நீரை அதனைச் சுற்றி ஓடச் செய்வர். பின்னர் வடிகட்டியைக் கடந்து, ஒவ்வோர் எஞ்சின் அறைக்கும் ஒன்றாக அமைந்த வாயு இஞ்செக்டர்களை அடைகிறது. எந்த நொடியில் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை ஒரு சிறு மின்னணுப் பெட்டி கணித்து ஆணையிடுகிறது. வண்டியின் சொந்தப் பெட்டி பெட்ரோலுக்குக் கொடுக்கும் ஆணையைத் தான் வாங்கி, வாயுவுக்கு ஏற்ற ஆணையாக மாற்றுவதே இதன் தொழில்.

எரிபொருளுக்கு ஏற்பக் காற்றின் அளவும் வேறுபடும். 1 கிலோ பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எல்.பி.ஜி.க்குச் சுமார் 15.6 கிலோவும், மீத்தேனுக்கு 17.2 கிலோவும் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சீர்செய்யாமல் கருவியைப் பொருத்தினால் எஞ்சின் திக்கும்; அல்லது அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். பொருத்திய பின் வண்டியைப் பாரத்துடன் ஓட்டிப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அளவைச் சரிசெய்யும் பட்டறையே தகுதியுடையது.

வண்டி பெட்ரோலில்தான் புறப்படும். தண்ணீர் போதிய சூடேறியதும் தானே வாயுவுக்கு மாறும். ஆகவே பெட்ரோல் தொட்டியை முற்றும் வற்றவிடலாகாது. தொட்டியினுள் இருக்கும் பெட்ரோல் பம்பு பெட்ரோலாலேயே குளிர்விக்கப்படுகிறது. தொட்டி வறண்டால் பம்பு கெடும்.

லாப நஷ்டக் கணக்கு

எரிபொருள்களை லிட்டர் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது தவறு. எரிசக்தியைப் பார்க்க வேண்டும். 1 லிட்டர் எல்.பி.ஜி. ஏறக்குறைய முக்கால் லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆதலால் அதன் விலை பெட்ரோல் விலையின் முக்கால் பங்குக்குக் குறைந்திருந்தால்தான் மிச்சம் உண்டு. சி.என்.ஜி. கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. 1 கிலோ சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

ஓர் உதாரணம் காண்போம். இதிலுள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவையே. பெட்ரோல் லிட்டர் ரூ. 100 எனவும், சி.என்.ஜி. கிலோ ரூ. 90 எனவும், கருவியின் செலவு ரூ. 60,000 எனவும் கொள்க. வண்டி 1 லிட்டர் பெட்ரோலுக்கு 12 கிலோமீட்டரும், 1 கிலோ வாயுவுக்கு 18 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்க. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போய்வர 90 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு ஏழரை லிட்டர், அதாவது ரூ. 750, வாயுவுக்கு 5 கிலோ, அதாவது ரூ. 450. ஒரு நடைக்கு மிச்சம் ரூ. 300. இருநூறு நடையில் கருவியின் முதல் திரும்பிவிடும்.

அதே வண்டி உள்ளூர்க் கடைத்தெருவுக்கு நாளொன்றுக்கு 9 கிலோமீட்டர் மட்டும் ஓடுமாயின், மிச்சம் ரூ. 30 தான். முதல் திரும்ப 2,000 நாள் செல்லும். எஞ்சின் சூடேறுமுன்பே பயணம் முடிந்துவிடுமாதலால் அம்மிச்சமும் முழுமையாகக் கிட்டாது. எனவே நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கே இம்மாற்றம் தகும். கொஞ்சமாக ஓடும் வண்டிக்காரர் கடன் வாங்கி இதனைச் செய்வது நஷ்டம்.

கணக்கில் சேர வேண்டியவை இன்னும் இரண்டு. 60 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுச் சிலிண்டர் தானே ஏறக்குறைய 60 கிலோ எடை. அதில் அடங்கும் வாயுவோ 9 அல்லது 10 கிலோதான். ஆகவே ஒரு மூட்டைக் கத்தரிக்காயின் பாரத்தை ஒவ்வொரு நடையிலும் இழக்க நேரும். மேலும் சி.என்.ஜி.யில் எஞ்சினின் இழுவை நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு குறையும், எல்.பி.ஜி.யில் குறைவு அவ்வளவு இராது. வாயு நிலையம் போகும் வழியில் இல்லாவிட்டாலும், அங்கு நெடுநேரம் நிற்க நேர்ந்தாலும், பூ வாடுவதால் வரும் நஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலக்க வேண்டிய அபாயம்

அடுப்புக்குரிய சமையல் சிலிண்டரை வண்டியில் வைத்து ஓட்டுதலும், அதிலிருந்து வண்டித் தொட்டிக்கு வாயுவை மாற்றி நிரப்புதலும் சட்ட விரோதம் மட்டுமல்ல, உயிருக்கு உலை வைப்பதாகும். வண்டிக்குரிய தொட்டியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பாதபடி தடுக்கும் வால்வும், குழாய் முறிந்தால் வாயு பாய்வதை நிறுத்தும் வால்வும் உண்டு. வெயிலில் திரவம் விரிவதற்கே அந்த ஐந்தில் ஒரு பங்கு இடம் விடப்படுகிறது. சமையல் சிலிண்டரில் இவ்வேற்பாடுகள் இல்லை. அது நிமிர்ந்து நின்று வாயுவாகவே தருவதற்கு அமைந்தது. சாய்த்துக் கிடத்தினால் திரவமே வெளிப்பாயும். பத்து ரூபாய் மிச்சத்திற்காகக் குடும்பத்தையும் வண்டியையும் ஒருங்கே இழக்கலாகாது.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளது. கசிந்தால் தரையோடு படிந்து பள்ளங்களில் தேங்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது; மேலெழும்பி விலகும், ஆனால் மூடிய கொட்டகையின் கூரையடியில் சேரும். எனவே வாயு வண்டியை வைக்கோற்போரின் அருகிலோ, நெல் அவிக்கும் அடுப்பின் பக்கத்திலோ, காற்றோட்டமற்ற கொட்டகையிலோ நிறுத்தலாகாது. கசிவு தெரிவதற்காகவே வாயுவில் நாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாற்றம் கண்டால் எஞ்சினை நிறுத்திச் சிலிண்டர் வால்வை மூடி, ஆட்களை அப்புறப்படுத்தி, பட்டறைக்காரரை அழைக்க வேண்டும். சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டறியலாம். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடாது.

சட்டமும் சான்றும்

எல்.பி.ஜி.யை வண்டி எரிபொருளாக உபயோகிக்க 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சட்டம் இடங்கொடுத்தது. பாரத் ஸ்டேஜ் 6 வகைப் பெட்ரோல் வண்டிகளிலும் வாயுக் கருவி பொருத்தலாம் என 2022 ஆகஸ்டில் விதி வந்தது. கருவி அந்த வண்டி மாதிரிக்கென அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பொருத்திய பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்தல் வேண்டும். இவற்றைச் செய்யாத வண்டி விபத்துக்குள்ளானால் நஷ்ட ஈடு கிடைப்பது அரிது. சி.என்.ஜி. சிலிண்டரை வழக்கமாக மூன்றாண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அத்தேதி சிலிண்டர்த் தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய சிலிண்டரை மலிவாக வாங்குவோர் இத்தகட்டைப் பாராமல் வாங்கலாகாது.

பராமரிப்பு

வாயு எரிபொருளில் பெட்ரோலைப் போன்ற ஈரம் இல்லை; ஆதலால் வால்வுகள் சற்று விரைவில் தேயும். குறித்த காலத்தில் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். தீப்பொறி பிளக்குகளை நல்ல நிலையில் வைக்க வேண்டும். வாயுக் கலவைக்கு வலிய தீப்பொறி அவசியம். மண் சாலைகளில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியை அடிக்கடி தட்டித் துப்புரவாக்குக. பழவேற்காடு முதலிய கடலோரக் கிராமங்களின் உப்புக் காற்றில் சிலிண்டரைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கழுவிப் பரிசோதித்தல் நன்று.

சாண வாயு

மாட்டுச் சாணத்தினின்றும் மீத்தேன் கிடைக்கும் என்பதைக் குடியானவர் அறிவர். டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1939இலேயே தேசாய் என்னும் விஞ்ஞானி இதில் பரிசோதனை செய்தார். ஆயினும் சாண வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 55 முதல் 60 பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. இரும்பை அரிக்கும் ஹைட்ரஜன் ஸல்ஃபைடும் சிறிது உண்டு. இவற்றை நீக்கிச் சுத்திகரித்து அழுத்திய பின்னரே வண்டிக்கு உதவும். இதனை ஊக்குவிக்க 2018 அக்டோபரில் மத்திய அரசு ‘சதத்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டுச் சாண எரிவாயுவைத் தாமே சிலிண்டரில் அடைக்க எவரும் முயலலாகாது; அதனை அடுப்புக்கும், சாணக் கரைசலை வயலுக்கும் உபயோகிப்பதே லாபம்.

முடிவுரை

வாயுக் கருவி பொருத்த எண்ணுவோர் ஒரு மாதம் வண்டி ஓடிய தூரத்தையும் பெட்ரோல் செலவையும் நோட்டில் எழுதி வருக. மேலே காட்டிய வண்ணம் அன்றைய விலையை இட்டுக் கணக்குப் பார்க்க. இரண்டு ஆண்டுக்குள் முதல் திரும்புமாயின், அங்கீகாரம் பெற்ற கருவியை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தி, பதிவும் சோதனையும் தவறாது செய்துகொள்க. அவ்வாறு திரும்பாதாயின், டயரில் சரியான காற்றும், சுத்தமான வடிகட்டியும், அளவான பாரமுமே செலவைக் குறைக்கப் போதிய வழிகளாகும். இரண்டில் எது தமக்கு ஏற்றது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.